நாற்றங்காலுக்குத் தண்ணீர் ஏறவில்லை

1983 ஏப்ரல் 9, சனி

ஓடைக்கரை பம்பு எஞ்சின் இன்றும் கிளம்பவில்லை. மழைக்கு அறிகுறியே இல்லை. ஏலக்காய் நாற்றுகள் வாடத் தொடங்கிவிட்டன.

கொழுந்தன் தவசி கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுத்துப் பார்த்தான்.

"மதினி, காலேசுல இதுக்கு ஏதும் மந்திரம் சொல்லித் தரலையா?" என்றான்.

பிளக்கைக் கழற்றச் சொன்னேன். தீப்பொறி நன்றாகவே வந்தது. ஆனால் பிளக்கில் மண்ணெண்ணெய் வாடை. இந்த எஞ்சின் பெட்ரோலில் கிளம்பிச் சூடான பிறகுதான் மண்ணெண்ணெயில் ஓடும்.

"பெட்ரோல் டேங்குல என்ன ஊத்துனே?"

"அண்ணந்தான் பாதிக்குப் பாதி சீமெண்ணெய் கலக்கச் சொன்னாரு. ரெண்டும் எண்ணெதானேன்னாரு."

அந்த அண்ணன், என் கணவர், ஜீப்பை எடுத்துக்கொண்டு போடிக்குப் போயிருக்கிறார். திங்கட்கிழமைக்கு முன் நல்ல பெட்ரோல் மலையேறாது. அதுவரை நாற்று தாங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆட்களோடு நானும் குடத்தில் சுமந்தேன். ஒரு பாத்தி நனைவதற்குள் இருட்டிவிட்டது.

"காலையில எதுக்கு ஊத்த, எதை விட? வெரசா சொல்லுங்க மதினி, ஆளுகளுக்குச் சொல்லணும்" என்று தவசி கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

யோசிக்க என்ன இருக்கிறது? குடத்தில் சுமந்தால் ஓடையை ஒட்டிய பாத்திகளைத்தான் காப்பாற்ற முடியும். அவற்றில் இருப்பது இவர் மலிவாக வாங்கிவந்த விதை. நான் செடி செடியாகப் பார்த்துப் பொறுக்கிய விதை முழுவதும் மேலே, சரிவின் உச்சியில் முளைத்து நிற்கிறது. அதை விட்டுவிடு என்று காலையில் நானே சொல்ல வேண்டும்.