அடைப்புக்குறிக்குள் இருந்த தேத்தண்ணி

என் அருமை மச்சாள் சாந்திக்கு,

நீ போய் ஏழு மாதமாகிறது. அலுவலகத்தில் உன் மேசையில் இப்போது பிரின்டரை வைத்திருக்கிறார்கள். வைக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இறால் பண்ணை ஆய்வு முடியப்போகிறது. வாகரைப் பக்கம் கடல்நீர் ஏறும் களப்பின் ஓரக் கிராமங்களில் வெயில் பாராமல் நீ எடுத்துவந்த பேட்டிகள் எல்லாவற்றையும் நான்தான் கணினியில் ஏற்றினேன். நூற்றுக்கணக்கான பேட்டிகள். ஆட்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்புக் கொடுத்து, ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்ப்பதுதானே என் வேலை. வலை, வருமானம், பாதை, பயம் என்று எல்லாம் ஒழுங்காகச் சேர்ந்தன. கரையில் பண்ணை வருவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் முக்கால்வாசிப் பேர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அதற்கு ‘எதிர்ப்பில்லை’ என்று தலைப்புப் போட்டேன். அறிக்கையிலும் அப்படியே எழுதினேன். அந்த வசனத்தைப் பார்த்துத்தான் கரைக் காணியைப் பண்ணைக்குக் கொடுப்பதா என்று முடிவெடுக்கப் போகிறார்கள்.

நாம் போட்ட சண்டை ஞாபகமிருக்கிறதா? பேட்டிகளுக்கு நடுவில் நீ அடைப்புக்குறி போட்டு ஏதாவது எழுதி வைப்பாய். ‘எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைத்தா.’ ‘கோழி துரத்தப் போனார்.’ எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“இது கதை எழுதுற இடமில்ல, சாந்தி. ஆக்கள் சொன்னத மட்டும் போடு.”

“அப்ப சொல்லாதத ஆரு போடுற?” என்று கேட்டுச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. ஒரே பின்னேரத்தில் உன் அடைப்புக்குறிகள் அத்தனையையும் கணினியிலிருந்து அழித்தேன். எங்கள் தொழிலில் அதற்குச் சுத்தம் செய்வது என்று பெயர்.

போன கிழமை நாவற்குடாவில் உங்கள் வீட்டுக்குப் போனபோது அண்ணன் நீ பேட்டி எழுதிய கொப்பிகளை ஒரு பையில் போட்டுத் தந்தான். வீட்டில் வைத்துப் பார்க்க அவனுக்கு ஏலாதாம். பேருக்குத்தான் புரட்டத் தொடங்கினேன். மூன்றாவது கொப்பியில் கை நின்றுவிட்டது. தேத்தண்ணி, கோழி, அடுப்பில் சோறு எல்லாமே பண்ணை பற்றிய அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் வந்திருந்தன. வேறெந்தக் கேள்விக்கும் ஒருவரும் இப்படி எழும்பிப் போகவில்லை. எப்படி மச்சாள் நான் இதைப் பார்க்காமல் விட்டேன்?

மறுநாளே பஸ் ஏறினேன். ஓட்டமாவடியில் மாறி, உன் கொப்பியில் முதலாவதாக இருந்த வீட்டுக்குப் போனேன். நீ செத்த செய்தி அந்த அக்காவுக்குத் தெரியாது. அழுதார். பிறகு நான் அதே கேள்வியைக் கேட்டேன். உடனே எழும்பினார். தேத்தண்ணி வேண்டாம், இருங்கள் என்றேன். வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பவும் அதே இடத்தில் இருந்தார்.

“பண்ணைக்கு ஆள் சேக்கிற ஆள் எங்கட சொந்தம், புள்ள. வேணாமெண்டு வாயால சொல்லேலா. வேணுமெண்டு சொல்ல மனமுமில்ல. நாங்க எழும்பிப் போனா சாந்திக்கு அது விளங்கும். மறுகா கேக்கமாட்டா.”

இதை எழுதினால் உங்களுக்குக் கரைச்சல் வருமா என்று கேட்டேன்.

“பேர் போடாம எழுதுங்க. எங்களுக்கு விருப்பமெண்டு மட்டும் எழுதிராதீங்க.”

திரும்பி வந்து அலுவலகத்தில் பெரியவரிடம் சொன்னேன். தேத்தண்ணி வைத்ததெல்லாம் ஒரு தரவாகுமா என்று கேட்டார். அறிக்கை வியாழக்கிழமை கூட்டத்துக்குப் போயாக வேண்டும், பிழை உங்களுடையது, இனித் தோண்ட வேண்டாம் என்றார். பிழை என்னுடையது என்பதில் அவருக்கும் எனக்கும் சண்டையில்லை. ஆனாலும் பயமாக இருக்கிறது. என் ஒப்பந்தமும் இந்த மாதத்தோடு முடிகிறது.

இன்னொன்று, சாந்தி. இதை அண்ணனுக்குக் கூட நான் சொல்லவில்லை. நீ கிளினிக் போய்வந்த அன்று உன் வீட்டுக்கு வந்தேன். டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். “இரி, வாறன்” என்று எழும்பிக் குசினிக்குள் போனாய். தேத்தண்ணி கொண்டுவந்தாய். சீனி கூடிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டு வரும் வழியில் அம்மாவுக்கு போன் எடுத்து, மச்சாளுக்கு ஒன்றுமில்லையாம் என்று சொன்னேன்.

ஒன்றுமில்லை என்று நீ எப்போது சொன்னாய்?

வியாழக்கிழமை, பெயர்களையும் ஊர்களையும் மறைத்து, உன் அடைப்புக்குறிகளை வரிவரியாக அந்தக் கூட்டத்தில் வாசிப்பேன். ‘எதிர்ப்பில்லை’ என்ற சொல்லை எடுக்கும்வரை அறிக்கையில் என் கையெழுத்து விழாது. இது ஏன் இவ்வளவு நாளும் உனக்குத் தெரியவில்லை என்று கேட்பார்கள். அப்போது நான் எழும்பிப் போகமாட்டேன், மச்சாள். இருந்து பதில் சொல்வேன்.

உன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போன மச்சாள்,
வதனி