எரித்துவிட்ட நான்கு கொப்பிகள்

என் ஆசை அக்காவுக்கு,

ஒரு குற்றத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் செத்த பிறகு, எட்டுச் செலவுக்கு முதல் நாள் வீடு கழுவியபோது, நீங்கள் படுத்த பாய், தலையணை, மிச்ச மருந்து எல்லாவற்றோடும் டொக்டர்மார் வருத்தமும் மருந்தும் எழுதித் தந்த உங்கள் நான்கு கிளினிக் கொப்பிகளையும் கிணற்றடிக்குப் பின்னால் போட்டு எரித்துவிட்டேன். செத்தவரின் வருத்தச் சாமான் வீட்டில் இருக்கக்கூடாது என்று எல்லோரும் செய்வதுதானே. இப்போது அந்தக் கொப்பிகளைக் கேட்கிறார்கள், அக்கா.

கேட்பது உங்கள் மகள் நிரோவைப் பார்க்கும் டொக்டர். ஓம், உங்களுக்கு வந்த வருத்தம் அவளுக்கும் தொடங்கிவிட்டது.

போன மாதம் குச்சவெளிச் சந்தியில் வெயிலில் பஸ்ஸுக்கு நின்றுவிட்டு வந்தாள். முகமும் கழுத்தும் சிவந்து தடித்திருந்தன. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்கு ஓடினாள். திரும்பி வந்து கதிரையில் இருந்தவள், "சித்தி, நெஞ்சு படபடக்குது, கண் இருட்டுது" என்று சொல்லிக்கொண்டே சரிந்துவிட்டாள். அந்த முகத்தில் நான் உங்களைத்தான் கண்டேன்.

திருகோணமலையில் அவளைப் பார்க்கும் டொக்டர்ப் பிள்ளை பொறுமையாக விளங்கப்படுத்தினா. மாஸ்ட் கலங்கள் என்று கண்ணுக்குத் தெரியாத செல்கள் எல்லோர் உடம்பிலும் இருக்கிறதாம். தோலில், குடலில், சுவாசப்பையில், இரத்தக் குழாய்களைச் சுற்றி என்று எங்கும் காவல் நிற்குமாம். சிலருக்கு அவை காரணமில்லாமலே வெருண்டு, உள்ளே வைத்திருக்கும் இரசாயனங்களையெல்லாம் கொட்டிவிடுமாம். தோலில் கொட்டினால் தடிப்பும் சொறியத் தூண்டும் கடியும், குடலில் வலியும் வயிற்றோட்டமும், நெஞ்சில் மூச்சு இழுப்பு. இரத்த அழுத்தம் விழுந்தால் மயக்கம். தலை மந்தமாகி மறதிகூட வருமாம். நீங்கள் அடுப்பில் பால் வைத்ததை மறந்ததற்கு நான் ஏசினேனே?

உங்கள் கதையையும் சொன்னேன். "நாலு வருத்தம் இல்லை அம்மா. ஒரே வருத்தம் நாலு இடத்தில காட்டுதெண்டுதான் சந்தேகப்படுறன்" என்றா.

தோலுக்கு ஒரு கொப்பி, வயிற்றுக்கு ஒன்று, இழுப்புக்கு ஒன்று, நெஞ்சுப் படபடப்புக்கு ஒன்று. பழுப்பு உறை போட்டு எவ்வளவு வடிவாக வைத்திருந்தீர்கள். எந்த டொக்டரும் மற்றக் கொப்பியைப் பார்க்கவில்லை. பார்க்க விடாததும் நான்தான். "தோல் டொக்டரிட்ட வயித்துக் கதை கதைக்காதேங்கோ. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ. பின்னால சனம் நிக்குது" என்று பஸ்ஸிலேயே பாடம் சொல்லித்தான் கூட்டிப்போவேன். ஒருநாள் நீங்கள் அங்கே மயக்கத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினீர்கள். நான் மேசைக்குக் கீழே உங்கள் கையைக் கிள்ளினேன். நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டீர்கள்.

அன்று சொல்ல விட்டிருந்தால்? இந்தக் கேள்வியோடுதான் எழும்புகிறேன், சமைக்கிறேன், படுக்கிறேன்.

கடைசி நாள் கைவலிக்கு என்று கிளினிக்கில் தந்த ஒரு குளிசையை விழுங்கினீர்கள். கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் சிவந்தது, மூச்சு இழுத்தது, விழுந்தீர்கள். மாரடைப்பு என்று எழுதித் தந்தார்கள், நாங்களும் அழுதுகொண்டு அந்தக் கடதாசியை வாங்கி வந்தோம். அந்தக் குளிசையின் பெயரைத்தான் டொக்டர் கேட்கிறா. சிலருக்கு அப்படிப்பட்ட குளிசையே இதைக் கிளப்பிவிடுமாம். நிரோவுக்கும் அது ஆகாமல் போகலாமாம். பெயர் கொப்பியில் இருந்தது, அக்கா. நானே நெருப்பு வைத்தேன்.

நிரோவுக்கு இரத்தம் சோதிக்கவும் ஏலவில்லை. வருத்தம் வந்த கையோடு எடுக்க வேண்டுமாம். பஸ் பிடித்து நாங்கள் போய்ச் சேர நேரம் கடந்துவிட்டது. இன்னொரு முறை வரட்டும் என்று காத்திருக்கவா? வரக்கூடாது என்று கும்பிடவா?

நேற்று அவள் கேட்டாள்: "சித்தி, அம்மாவும் இப்பிடித்தானே செத்தவ?" நான் எழும்பிக் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றுகொண்டேன்.

ஒரு புதுக் கொப்பி வாங்கியிருக்கிறேன். எல்லா வருத்தத்துக்கும் ஒன்றேதான். முதல் பக்கத்தில் 'அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாத குளிசை' என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். அது வெள்ளையா, மஞ்சளா என்றுகூட எனக்கு நினைவில்லை. அந்த இடம் வெறுமையாகவே கிடக்கிறது.

ஒன்று மட்டும் சத்தியம் பண்ணுகிறேன். உங்கள் பிள்ளை எந்த டொக்டருக்கு முன்னால் வாய் திறந்தாலும், பின்னால் எவ்வளவு சனம் நின்றாலும், அவள் சொல்லி முடிக்கும்வரை நான் பேசாமல் இருப்பேன்.

உங்கள் கையைக் கிள்ளின தங்கச்சி,
வசந்தி