நாற்பத்தேழு வயதுக் குட்டி

மார்ச் 3, செவ்வாய்

போகோட்டாவில் காலையிலிருந்து மழை. எங்கள் ரப்பர் பூட்ஸ் கம்பெனிக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

பொது மேலாளர் நாற்காலியில் தற்காலிகமாக உட்கார்ந்திருக்கிறேன். நிரந்தரமா இல்லையா என்று 19ஆம் தேதி இயக்குநர் குழு ஓட்டுப் போடுகிறது. போட்டிக்கு நிதி மேலாளர் ராமிரோ. எல்லோருக்கும் அவர் ‘டாக்டர் ராமிரோ’. இந்த ஊரில் கோட் போட்ட ஆண் எல்லாம் டாக்டர்தான். அவருக்கோ ஊசி என்றாலே மயக்கம் வரும். நான் மட்டும் ‘யமீலிட்டா’. பெயரோடு ‘இட்டா’ ஒட்டினால் யமீலே குட்டியாகிவிடுகிறாள். நாற்பத்தேழு வயதுக் குட்டி!

மார்ச் 6, வெள்ளி

குழுத் தலைவர் தோன் எவரிஸ்தோ (பெரியவர் என்ற மரியாதைக்கு ‘தோன்’) காப்பிக்குக் கூப்பிட்டார். என்னைச் சொந்த மகளாகவே பார்ப்பவர். என் அப்பா செத்தபோது என்னைவிட அதிகம் அழுதவர்.

“யமீலிட்டா, உனக்கெதுக்கும்மா இந்தத் தலைவலி? ராமிரோ பாத்துக்கட்டும். நீ கூடமாட இரு, போதும்.”

கண்ணில் அவ்வளவு பாசம். ஐயோ, இவரோடு எப்படிச் சண்டை போடுவது?

மார்ச் 7

என் வீட்டுக்காரன் ஃபாபியான் சொல்கிறான்: “என்கிட்ட கத்துறதுல பாதிய அவர்கிட்ட கத்தேன்.” வாயைப் பார்! ஆனால் சரிதான்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று மதியம் தோன் எவரிஸ்தோவோடு சாப்பாடு. மேசையிலேயே சொல்லிவிட்டேன்.

“உங்க பாசந்தான் எனக்குக் குறுக்க நிக்குது, தோன் எவரிஸ்தோ. நம்ம பூட்ஸ அதிகம் வாங்குறது பூத்தோட்டங்க. அங்க வேல செய்யிறதெல்லாம் பொம்பளைங்க. அவங்களுக்கு ஆம்பள பூட்ஸையே சின்னதாக்கி வித்தோம். உள்ள துணிய அடச்சிக்கிட்டு நடந்தாங்க. அவங்க காலுக்கு அளவெடுக்கணும்னு சொன்னது யாரு? குட்டி குட்டின்னு கூப்பிட்டே என்ன வளர விடல நீங்க.”

கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்து போய்விட்டார்.

ஏன் இப்படி வாயை விட்டேன்? சொன்னதில் பொய் ஒன்றுமில்லையே. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

மார்ச் 12

லிஃப்டில் அவர் கூரையைப் பார்த்தார். நானும்.

மார்ச் 19, வியாழன்

மூன்றுக்கு மூன்று. தலைவர் ஓட்டு மட்டும் பாக்கி.

தோன் எவரிஸ்தோ தொண்டையைச் செருமினார். “ராமிரிட்டோ, அந்தத் தண்ணிய இப்படி நகத்துப்பா.”

ராமிரிட்டோ! இப்போது அவரும் குட்டி. டாக்டரின் முகம் போன போக்கு!

“பூட்ஸ் விஷயம் நம்ம ஒருத்தருக்கும் ஏன் தோணலேன்னு ஒரு வாரமா யோசிக்கிறேன். இந்த மேசைக்குக் கீழ இருக்கிறது எல்லாம் ஒரே மாதிரி ஆம்பளக் கால்யா. என் ஓட்டு டாக்டரம்மா யமீலேவுக்கு.”

கழிவறைக்குப் போய் அழுதேன். சந்தோஷந்தான். இனி ‘யமீலிட்டா’ என்று கூப்பிடமாட்டாரே என்றும் கொஞ்சம்.

ஏப்ரல் 13, திங்கள்

ஆலைக்குத் தலைவியாக எனெய்தாவை எடுத்திருக்கிறேன். பசிபிக் கரையோரத்துக் கறுப்பினப் பெண், கெட்டிக்கார இன்ஜினியர். எங்கள் அதிகாரிகள் மாடியில் அவள் ஊர்க்காரர் யாரும் இதுவரை நாற்காலி போட்டு உட்கார்ந்ததில்லை. இதற்காக ராமிரோவோடு மூன்று வாரம் மல்லுக்கு நின்றேன். இன்று முதல் கூட்டம். அவள் உள்ளே வந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“வாம்மா எனெய்திட்டா! இங்க என் பக்கத்துல உக்காரு.”

அவள் உட்காரவில்லை. சிரித்த முகமாகவே சொன்னாள்: “எனெய்தா, டாக்டரம்மா. இட்டா வேணாமே.”

தோன் எவரிஸ்தோ மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், இருமல் வரும்வரை. எனக்குக் காதெல்லாம் சூடு.

எழுந்து போய் நானே நாற்காலியை இழுத்துப் போட்டேன். “உக்காருங்க, டாக்டரம்மா எனெய்தா.”