தோளில் நான்கு விரல்கள்

என்னங்க,

இதை உள்ளே கொண்டுவந்து தருவதாக வக்கீல் அண்ணன் சொல்லியிருக்கிறார். வீட்டில் எல்லாரும் நலம். உங்கள் தலையணை உறையை ஐம்பத்திரண்டு நாளாகத் துவைக்கவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறொன்றும் இல்லை.

எட்டு வருடமாக ஊர் பேர் தெரியாத தொழிலாளிகளுக்காக இணையத்தில் கையெழுத்துத் திரட்டியவள் நான். சங்கம் வைத்ததற்காகச் சிறைக்குப் போனவர்களின் படத்தைப் போடும்போது, சிரிக்காத படமாகத் தேடி எடுப்பேன். சிரிக்கிற முகத்துக்காக யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. இப்போது உங்கள் முறை. வீட்டிலிருக்கும் படங்களையெல்லாம் புரட்டிவிட்டேன். ஒன்றிலாவது வாயை மூடிக்கொண்டு நிற்கக் கூடாதா உங்களுக்கு?

கடைசியில், உங்கள் அக்கா வீட்டு மாடியில் நாம் சேர்ந்து எடுத்த படம் கிடைத்தது. கண்ணில் வெயில் அடித்ததால் அதில் மட்டும் முகத்தைச் சுளித்திருக்கிறீர்கள். என்னை வெட்டிவிட்டு, அவசரமாக ஏற்றினேன். மனு பன்னிரண்டு மொழிகளில் போன பிறகுதான் கவனித்தேன். என் நான்கு விரல்கள் உங்கள் தோளிலேயே தங்கிவிட்டன.

அலுவலகத்தில் படங்களைச் சரிசெய்கிற பெண் கேட்டாள்: "ஒரு நிமிஷ வேலைதான்க்கா. அந்த விரலை அழிச்சிடட்டுமா?"

"வேண்டாம்மா. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

இதுவரை பதினோராயிரம் பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எங்கோ ஒரு துறைமுகத் தொழிலாளி கீழே கேட்டிருக்கிறார்: 'தோழரின் தோளில் இருப்பது யாருடைய கை?'

நான் இன்னும் பதில் போடவில்லை. நீங்களே வந்து சொல்லுங்கள்.

வெட்டியும் விலகாத,
உங்களவள்