கிராதியில் நீட்டிய கை

பிரிக்பீல்ட்ஸ்,
14-5-1934

அன்புள்ள சலேத்துக்கு,

சனிக்கிழமை ஞானஸ்நானம் ஆனது. அய்யாவு என்ற பேர் போய்ச் சின்னப்பன் ஆனேன். நேற்றுப் பூசையில் முதல் நற்கருணை. உன் அப்பா கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து மூன்றாம் வரிசையில் இருந்தார்.

பீடத்துக்கு முன்னால் தடுப்புக் கிராதியில் முழந்தாளிட்டேன். சாமியார் அப்பத்தோடு வந்தார். இரண்டு கையையும் நீட்டினேன். வலது மேலே, இடது கீழே. இருபத்தாறு வருஷம் திருநீறு வாங்கிய கை. அது என்னைக் கேட்கவில்லை.

சாமியார் நின்றார். பக்கத்து ஆள் முழங்கையால் இடித்தார். எனக்கு விளங்கவில்லை. கையை இன்னும் உயர்த்தினேன். சாமியார் அடுத்தவருக்குப் போய்விட்டார்.

உபதேசியார் ஆறு மாதம் ஜெபமெல்லாம் சொல்லிக்கொடுத்தார். கையில் அல்ல, நாக்கில் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. அது பிறக்கும்போதே தெரியும் என்று நினைத்திருப்பார்.

உன் அப்பா நேரே ஸ்டேஷனுக்குப் போனார். நம் கல்யாணம்?

சின்னப்பன் (அய்யாவு)

*

சேசு மரி சூசை

கிள்ளான்,
17-5-1934

அன்பு மிகுந்த உங்களுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவின் கோபமும் சுகமாகவே இருக்கிறது. 'அவன் கையை நீட்டினது சாமிக்கா, நம்ம பொண்ணுக்கா?' என்று அம்மாவிடம் கேட்கிறார். 'அது தெரியாம ஓலை வாசிக்கச் சொல்லமாட்டேன்' என்கிறார். கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து அறிவிக்காமல் நமக்குக் கல்யாணம் ஏது? 27-ஆம் தேதி மறுபடி வருகிறார், உங்களைப் பார்க்க.

ஆகவே கவனமாகப் படியுங்கள். முதல்நாள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம். நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. கிராதியில் விரித்த வெள்ளைத் துணிக்கு அடியில் கையை வைத்துவிடுங்கள். அது வெளியே வர வேண்டாம். தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, கண்ணைத் தாழ்த்தி, நாக்கைக் கீழுதட்டின்மேல் வையுங்கள். டாக்டரிடம் காட்டுவதுபோல் அல்ல. பல்லில் படக்கூடாது. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் விரலை விடாதீர்கள்!

கன்னியர் மடத்தில் அப்பம் வெட்டியபின் மிஞ்சிய ஓரங்களைத் தாளில் மடித்து அனுப்புகிறேன். மந்திரிக்காதது. என் வகுப்புப் பிள்ளைகளைப் புது நன்மைக்கு, அதாவது முதல் நற்கருணைக்கு, இதை வைத்துத்தான் பழக்குகிறேன். அவர்களுக்கு ஏழு வயது. உங்களாலும் முடியும்.

உங்கள்
சலேத்மேரி

*

பிரிக்பீல்ட்ஸ்,
22-5-1934

அன்புள்ள சலேத்,

ஓரங்கள் வந்தன. பாதியை ராதாகிருஷ்ணன் தின்றுவிட்டான். குவார்ட்டர்ஸில் என் அறைக்காரன். மீதிக்கு அவனே சாமியார். 'வாயைத் திறலா! இன்னும்! என்ன, வெட்கமா?'

வெட்கம்தான். சம்பளம், டிக்கெட், உன் கடிதம். எல்லாம் கையால் வாங்கினேன். கைக்கு வேலை இல்லையென்றால் மனிதன் என்ன செய்வான்? வாயைத் திறந்து காத்திருக்கிறான். குருவிக்குஞ்சு.

நேற்று, ராதாகிருஷ்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கையில், திடீரென்று எனக்கு அது பிடித்துப்போயிற்று. எதையும் பிடித்துக்கொள்ளாமல் இருப்பது.

உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். உனக்காகத்தான் கிறிஸ்து வேதத்துக்கு வந்தேன். இப்போது எனக்காகவும் வருகிறேன்.

சின்னப்பன்

*

பிரிக்பீல்ட்ஸ்,
27-5-1934

சலேத்,

நான் வாங்கவில்லை.

காலையில் ராதாகிருஷ்ணன், 'பரீட்சைக்குப் போறே, குடி' என்று கோப்பி கொடுத்தான். மூன்று மிடறு இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது. 'போய் நாக்கை நீட்டுலா. நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்?' என்றான் அவன்.

கோயிலில் எல்லாரும் எழுந்து கிராதிக்குப் போனார்கள். உன் அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்தார். எழுந்து போனால் நீ கிடைப்பாய். தெரியும். உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் பிடித்துக்கொண்டார்.

'ஏன் போகலை?'

'கோப்பி குடிச்சிட்டேன், மாமா.'

'எவ்வளவு?'

'மூணு மிடறு.'

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்மேல் கோபப்படு. எழுதாமல் மட்டும் இருக்காதே.

சின்னப்பன்

*

சேசு மரி சூசை

கிள்ளான்,
30-5-1934

என் அன்பானவருக்கு,

அப்பா வந்ததும் சாப்பிட உட்கார்ந்தார். ரசத்துக்கு வந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டது. 'மூணு மிடறாம்! எண்ணிச் சொல்றான்டி!' புரையேறி, அம்மா தலையில் தட்டினாள்.

பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவிடம், 'நம்ம கல்யாணப் பூசைக்கு வர்ற வழியிலே தாகம் தாங்கலே. இளநீர் குடிச்சிட்டேன். கோயில்லே உங்கப்பா என்னையே பார்த்துக்கிட்டிருந்தார். எழுந்து போய் வாங்கிட்டேன்' என்றார்.

'இருபத்தெட்டு வருசமா சொல்லலியே, பாவி!' என்றாள் அம்மா.

'சாமியார்கிட்ட அந்த வாரமே சொல்லிட்டேன். உன்கிட்டதான் பயம்.'

அம்மா இன்னும் அவரோடு முழுதாகப் பேசவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. உங்கள்மேல் கோபம் வரவில்லை. எவ்வளவோ முயன்று பார்த்தேன்.

அடியில் அப்பா ஏதோ எழுத வேண்டுமாம். தாளைப் பிடுங்குகிறார்.

உங்கள்
சலேத்

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். வரும் ஞாயிறு முதல் ஓலை, சாமியாருக்கு எழுதியாயிற்று. நான் சனிக்கிழமையே வருகிறேன். பூசையில் என் பக்கத்திலேயே முழந்தாளிடவும். எனக்கும் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.