மருந்தைத் தோற்கடித்த நொதியம்

அண்ணா,

நேற்று வெள்ளவத்தையில், காலி வீதி மருந்துக்கடையில், எனக்கு முன்னால் நின்ற பெண் உங்கள் குளிசையின் பெயரைச் சொல்லிக் கேட்டாள். கடைக்காரர் எடுத்து வைத்தது அதே சின்ன மண்ணிறப் போத்தல். வாங்க வந்ததை மறந்து வெளியே வந்துவிட்டேன்.

அப்போது போர்க்காலம். மூளைக் கட்டியை வெட்டி எடுத்த பிறகு, வடக்கே ஊருக்குத் திரும்பாமல் குளிசைக்காக இங்கேயே, தலைநகரில், ஒரு லொட்ஜில் தங்கியிருந்தீர்கள். நான் இருந்தது பெண்கள் விடுதி. உங்களை வாசலைத் தாண்டி உள்ளே விடமாட்டார்கள். பின்னேரங்களில் ரயில் பாதையோரம் கடலைப் பார்த்துக்கொண்டு நடப்போம். "குளிசை வேலை செய்யுது தங்கச்சி, தலையிடி குறைஞ்சிட்டுது" என்பீர்கள்.

பிறகு ஒரு விடியற்காலை, பொலிஸார் வந்து லொட்ஜிலிருந்த தமிழர்களை ஊருக்கு அனுப்புகிறோம் என்று பஸ்ஸில் ஏற்றினார்கள். தலைத் தழும்பைத் தொட்டுக் காட்டி, மருந்துக்கு உங்களுக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லை, "பெஹெத், பெஹெத்" என்று சொன்னீர்களாம். அறைக்குத் திரும்ப விடவில்லை. வவுனியாவிலிருந்து தொலைபேசியில், "குளிசை கட்டிலுக்குக் கீழ கிடக்குது. எடுத்து வை, வந்து விழுங்குறன்" என்றீர்கள். திரும்பி வர அனுமதி கிடைக்கும்வரை மருந்தில்லாமல் அங்கேயே இழுபட்டீர்கள். வந்தபோது என் பெயர் உங்கள் வாயில் வரவில்லை.

கட்டியின் துண்டைப் பரிசோதித்த முடிவு நீங்கள் கண்ணை மூடிய பிறகுதான் வந்தது. டொக்டர் பொறுமையாகச் சொன்னார்: "அந்த மருந்து கட்டியின்ர டி.என்.ஏ.யில மெதைல் கூட்டங்களை ஒட்டித்தான் அதைச் சாகடிக்கும். அதைக் கழட்டித் திருத்துற நொதியம் ஒண்டு எங்கள் எல்லாரிட்டையும் இருக்கு. சிலரின்ர கட்டியில அந்த நொதியத்தின்ர மரபணு மூடிக் கிடக்கும்; அவைக்கு மருந்து பிடிக்கும். அண்ணாவுக்குத் திறந்து கிடந்தது. இங்க நிண்டிருந்தாலும் பெரிசாப் பிரயோசனம் இருந்திராது."

பெரியப்பாவுக்கு அது ஆறுதல். "பாத்தியே, இனி பஸ்ஸைத் திட்டி என்ன?" என்றார். வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் அதையே சொன்னார். உடம்பைத் திருத்த இருந்த நொதியம் முதலில் கட்டியைக் காப்பாற்றியது. பிறகு உங்களைப் பஸ்ஸில் ஏற்றியவர்களையும் காப்பாற்றியது. அன்றைக்குப் பிறகு நான் பெரியப்பாவோடு கதைக்கவில்லை.

டொக்டர் சொன்னது சரியாகத்தான் இருக்கும், அண்ணா. ஆனால் அந்தப் பஸ்ஸில் அது ஒருவருக்கும் தெரியாது. மருந்து இல்லாமல் சாகப்போகிறேன் என்று நினைத்தபடியே வவுனியா வரைக்கும் போயிருப்பீர்கள். அந்தப் பயத்தைத்தான் நான் இன்னும் வைத்திருக்கிறேன்.