அது உங்கள் குரல்தான்

குவைத்தில் இருக்கும் கணவர் காளீஸ்வரன் அவர்களுக்கு நாகஜோதி எழுதுவது. நானும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் லீவு முடிந்து குவைத்துக்குக் கிளம்பும் சண்முகவேல் அண்ணனிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

கதிர் வாங்கும் நேரத்தில் நெல் கருகிவிட்டது. கண்மாய் நிறைந்த வருஷத்தில் கருகியது இதுதான் முதல் தடவை. மாட்டுக்கு அறுத்துப் போட்டுவிட்டேன்.

எங்கோ கரை உடைந்த வீடியோவைப் பார்த்து, நம் கண்மாய் என்று நினைத்து என்னைக் கூப்பிட்டீர்கள். நான் கரைமேல் நின்றுதான் பேசினேன். கரை கல்லாட்டம் இருக்கிறது என்றேன். “கண்ணால வீடியோ பாத்துட்டேன், நீ என்னடி சொல்றது” என்று போனை வைத்தீர்கள். தண்ணீர் வடிந்தால் மிச்சக் கரையாவது தப்பும், மடையைத் திறங்கள் என்று ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் பேசிப் போட்டீர்கள். மடை திறக்கும் உரிமை நம் வீட்டுக்கு. அவுகளே சொல்லியாச்சு என்று ஊர்க்காரர்கள் ஓடினார்கள். மறித்த என்னைத் தள்ளிவிட்டார்கள். திறந்த வேகத்தில் பலகை பிய்ந்துபோய், அடைக்க வழியில்லாமல் கண்மாய் காலியாகிவிட்டது.

அத்தோடு விட்டிருந்தால் மடத்தனம் என்று பொறுத்திருப்பேன். ஊர் ஏசத் தொடங்கியதும், அது என் குரலே இல்லை, எவனோ ஏஐயில் செய்துவிட்டான் என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கரை உடைந்த பொய்யைப் போலவே இதையும் நம்பிவிட்டார்கள். பாளையம்பட்டியில் செல்போன் கடை வைத்திருக்கும் நம் ஊர் தங்கபாண்டிமேல் பழி விழுந்தது. போனை நோண்டத் தெரிந்தவன் என்பது ஒன்றுதான் சாட்சி. கடையை நொறுக்கிவிட்டார்கள். அவன் மனைவி அழகுத்தாய் வந்து, “ஒங்களுக்குத் தெரியும்லக்கா” என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

தைப்பூசத்தன்று அய்யனார் கோயிலில் அவன், நான் செய்யவில்லை என்று எரியும் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்கிறான். அது உங்கள் குரல் இல்லை என்று நம் வீட்டிலும் அணைக்க வேண்டுமாம். நீங்கள் இல்லாததால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இனி நீங்கள் குரூப்பில் உண்மையைப் பேசினாலும் அதையும் ஏஐ என்பார்கள். அந்த வழியை நீங்களே அடைத்துவிட்டீர்கள். ஆளாக வந்து ஊர்முன் நின்று சொல்லுங்கள். வராவிட்டால் நான் சூடத்தை ஏற்றிவிட்டு, அணைக்காமல் கையைக் கட்டி நிற்பேன். அது எரிந்து முடியும்வரை ஊர் பார்க்கட்டும்.

அய்யனார் உங்களுக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும்.

இன்றுவரை உங்கள் மனைவி,
நாகஜோதி